ஆயாவின் முதல் ஓட்டு

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன மாதம் போன் செய்து, "இருபது நிமிஷம் நம்ம ஊரைப் பத்தி ஏதாவது பேசு, ஆனா அரசியல் மட்டும் வேணாம்ப்பா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, நான் தேர்ந்தெடுத்த தலைப்போ ஒரு தேர்தல். "1946ஆம் வருஷத்துத் தேர்தல் அரசியல் இல்லை, சரித்திரம்" என்று அவரைச் சமாதானப்படுத்தினேன். "ஒரு மணிக்குச் சாப்பாடு, அதுக்குள்ள சரித்திரத்த முடிச்சுடு" என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

என் அம்மாவைப் பெற்ற ஆயா முதலியார்பேட்டையில் இருந்தார். 1916இல் பிறந்தவர். தாத்தா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தார்களே, அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் தாத்தாவும் ஒருவர். அதன் பிறகு அவருக்கு வ. சுப்பையா சொன்னதுதான் வேதம். 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தபோது, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே புருஷன் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து, வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களோ என்று ஆயா பயந்துபோனாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஆயா சொன்ன கதை இது. 1946 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறக்கிற சமயம். அன்றைக்குக் கூறைப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாராம். மாமியார், "எந்தக் கோயிலுக்குடி?" என்று கேட்டிருக்கிறார். "ஓட்டுப் போட" என்று ஆயா சொல்ல, மாமியார் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "பொம்பளைக்கு ஏதுடி ஓட்டு? உங்க மாமனாருக்கே இவ்ளோ நாளா வேற எவனோதான் போட்டுக்கிட்டு இருந்தான்" என்றாராம். இந்த ஒரு வாக்கியத்தில் பிரெஞ்சிந்தியத் தேர்தல் சரித்திரம் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊரில் ஓட்டு என்பது பழைய சங்கதி. 1871லிருந்தே பாரீஸ் பாராளுமன்றத்துக்கு இங்கிருந்து ஒரு பிரதிநிதியை அனுப்பினோம். 1879இல் மாநில அளவில் ஒரு ஆலோசனை சபை, கொன்செய் ழெனெரால் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது வந்தது. 1880இல் நகரசபைகள் வந்தன. முதலில் பத்து. 1907இல் அதைப் பதினேழாக ஆக்கினார்கள்: புதுச்சேரியில் எட்டு, காரைக்காலில் ஆறு, மாஹே, ஏனாம், சந்திரநாகூருக்கு ஒவ்வொன்று. முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், உழவர்கரை எல்லாம் தனித்தனி கொம்யூன், தனித்தனி மேர். பக்கத்திலே கடலூரில் அப்போது சாதாரண ஜனங்களுக்கு ஓட்டு என்கிற பேச்சே கிடையாது. ஆகவே, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மார்தட்டிக்கொள்ளப் பிரெஞ்சுக்காரனுக்குக் காரணம் இருந்தது.

ஆனால் சமத்துவத்துக்கு ஒரு லிஸ்து போட்டான் பாருங்கள், அங்கேதான் விஷயம். ஐரோப்பியர்களும் அவர்கள் வம்சத்தவரும் முதல் லிஸ்து. இந்தியர்கள் இரண்டாவது லிஸ்து. 1884லிருந்து மூன்றாவதாக ஒரு லிஸ்தும் சேர்ந்தது. அது ரெனோன்சான்களுக்கானது. இளைஞர்கள் சிலருக்கு இந்த வார்த்தை புதிதாக இருக்கலாம். 1881ஆம் வருஷத்து ஆணைப்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து, நாங்கள் இனிமேல் பிரெஞ்சு சிவில் சட்டப்படி நடக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ரெனோன்சான்கள். இதற்குத் தலைமை தாங்கியவர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பியர் போலப் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார் என்பதற்காக 1873இல் அவர் தண்டிக்கப்பட்டார். மனிதர் விடவில்லை. பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்துக்கொண்டு வந்தார். பிறகு லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். லாபோர்த் என்றால் கதவு. சாதி வேண்டாம் என்று வெளியே வந்தவர்களுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

அவர்கள் கதவைத் திறந்துகொண்டு போய் ஐரோப்பியர் லிஸ்தில் உட்கார்ந்தால் ஓட்டுக் கணக்கு மாறிவிடும் அல்லவா? அதனால்தான் அவர்களுக்கென்று தனி லிஸ்து. இந்து சமூகத்தின் தலைவராக இருந்த நாடு சண்முக வேலாயுத முதலியார், பிரெஞ்சு ரிக்கார்டுகளில் சானெமுகம், இந்த ஆட்டத்தில் கைதேர்ந்தவர். 1880களிலிருந்து 1908 வரை அவரை மீறி இங்கே யாரும் ஜெயித்துவிட முடியாது. 1899இல் மறுபடியும் இரண்டு லிஸ்தாக்கினார்கள். சில நூறு பேர் இருக்கிற முதல் லிஸ்துக்கும், பல்லாயிரம் பேர் இருக்கிற இரண்டாவது லிஸ்துக்கும் கிட்டத்தட்ட சரிபாதி இடம். கணக்குப் பாடத்தில் நான் சுமார்தான், இருந்தாலும் இது சமத்துவம் இல்லை என்பது எனக்கே புரிகிறது.

பாரீசுக்குப் போன பிரதிநிதியோ பெரும்பாலும் பாரீசிலேயே இருந்தவர். பியேர் அலிப் என்பவர் 1881லிருந்து 1898 வரை நம் பிரதிநிதி. யாருக்கு ஓட்டு என்று இங்கே இரண்டு மூன்று பெரிய மனிதர்கள் பேசி முடித்துவிடுவார்கள். பெட்டியில் சீட்டு விழுவது ஒரு சடங்கு. ஓட்டுச் சாவடியை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். 1914இல் போல் ரிஷார் இங்கே வந்து நின்று, போல் புளுய்சேனிடம் தோற்றுப்போனார். அவர் தோற்றதில் நமக்கு நஷ்டமில்லை. அவருடைய மனைவி மிர்ராவும் கூட வந்திருந்தார், அவர்தான் பிற்பாடு ஆசிரம அன்னை. தேர்தலுக்கு வந்தவர் ஓட்டு வாங்காமல் போனார், தேர்தலில் நிற்காதவர் ஊரையே மாற்றினார். (இது பாடத்திட்டத்தில் இல்லை, சும்மா சொன்னேன்.)

ஆக, ஆயாவின் மாமியார் சொன்னது முழுக்க உண்மை. ஓட்டு இருந்தது, போட்டது வேறு ஆள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகுதான் 1945இல் லிஸ்து முறை ஒழிந்தது. ஆணும் பெண்ணும் எல்லோரும் ஒரே லிஸ்து, 21 வயதானால் ஓட்டு. 1946 ஜூனில் நகரசபைத் தேர்தல் நடந்தது. அதில் ஆயா ஓட்டுப் போடவில்லை, காரணம் அப்போது ஐந்தாவது பிரசவம். என் கடைசி மாமாவின் தயவால் ஜூன் ஓட்டு போயிற்று. அக்டோபர் 25ஆம் தேதி ஆணையால் பழைய கொன்செய் ழெனெரால் போய், பிரதிநிதிகள் சபை வந்தது. மொத்தம் 44 இடம்: புதுச்சேரி 22, காரைக்கால் 12, சந்திரநாகூர் 5, மாஹே 3, ஏனாம் 2. டிசம்பர் 15 தேர்தல் இதற்குத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1946இல் சென்னை மாகாணத்திலும் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அங்கே சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஓட்டு. கடலூரில் கட்டிக் கொடுத்திருந்த ஆயாவின் தங்கைக்கு இந்த மூன்றுமே கிடையாது, அதனால் ஓட்டும் கிடையாது. அவர் 1952 வரை காத்திருந்தார். இலங்கையில் 1931லேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். தங்கச்சி வந்தால் ஆயா விடமாட்டாராம்: "எங்க ராஜ்ஜியத்துல எனக்கு ஓட்டு இருக்கு, உங்க வெள்ளக்காரன் என்ன குடுத்தான்?" பாருங்கள், அக்கா தங்கச்சி சண்டைக்குள்ளேயும் இரண்டு சாம்ராஜ்யம்!

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சாவடி. பிரெஞ்சு முறையில் முத்திரை குத்துவது கிடையாது. வேட்பாளர் பெயர் அச்சிட்ட சீட்டை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்தச் சீட்டு என்று தாத்தா முதல் நாள் ராத்திரியே காட்டிக் கொடுத்திருந்தார். ஆயா அந்தச் சீட்டின் மூலையில் விபூதி வைத்து அடையாளம் பண்ணி, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். கம்யூனிஸ்டு வீட்டில் விபூதியா என்று நீங்கள் கேட்கலாம். தாத்தாவும் கேட்டாராம். "ஓட்டு உம்ம கட்சிக்கு, விபூதி என் சாமிக்கு" என்று பதில். சாவடியில் ஒரு ஆள் பேரைக் கூப்பிட்டபோது, ஜனங்கள் நடுவில் தன் பேரை ஒரு அன்னிய ஆண் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று ஆயா சொல்வார். கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் பேர் "செளபாக்கியவதி" என்பதற்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தது.

முடிவு என்னவென்றால், தேசிய ஜனநாயக முன்னணி 44இல் 30 இடம் பிடித்தது. சுப்பையாவின் கம்யூனிஸ்டுகளும், இந்தியாவோடு சேர வேண்டும் என்ற மற்றவர்களும் சேர்ந்த அணி அது. அதே சமயத்தில் லாம்பேர் சரவான் பாரீஸ் தேசிய சபைக்கு உறுப்பினரானார். 1947இல் சுப்பையாவே பாரீஸ் மேல் சபைக்குப் போனார். மில் வாசலில் அடிவாங்கியவர் செனட்டர்! தாத்தா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாராம்.

சபைக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால், அது வேறு கதை. வரவு செலவு பேசலாம், தீர்மானம் போடலாம். அதற்கு மேல் கவர்னர். அப்போது பிரான்சுவா பரோன். அந்த 30 பேரும் வெகுநாள் ஒன்றாக இருக்கவில்லை. 1947இலேயே சோஷலிஸ்டுக் கட்சி பிரிந்து வந்தது, அதில் எதுவார் கூபேர் பெரிய தலைவரானார். இன்றைக்குக் கடற்கரைச் சாலை அவர் பேரில் இருக்கிறது, மார்க்கெட் அவர் பேரில் இருக்கிறது. சுப்பையா பேரிலும் சாலை இருக்கிறது. உயிரோடு இருந்தபோது எதிரும் புதிருமாக இருந்தவர்கள், சாலையாகியும் அப்படித்தான். ஒன்று நகரத்தின் கிழக்கோரம், ஒன்று தெற்கோரம்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். 1948 ஜூனில் பிரெஞ்சு அரசு, எங்கே சேர்வது என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று அறிவித்தது. அதற்கு முன்னோட்டமாக அக்டோபர் 24ஆம் தேதி நகரசபைத் தேர்தல். மாஹேயில் அதற்கு மூன்று நாள் முன்னாலேயே ஐ.கே. குமாரன் மாஸ்டர் தலைமையில் ஜனங்கள் எழுந்து நிர்வாகத்தையே கைப்பற்றிவிட்டார்கள். பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்துதான் அடக்கியது. அதனால் அங்கே அன்று தேர்தல் இல்லை. இங்கே நடந்தது.

ஆயா அதே கூறைப்புடவையோடு போனார். வரிசையில் நின்றார். முறை வந்ததும், "உங்க ஓட்டு போட்டாச்சே" என்றார்கள். ஆயா வெட்டவெளிச்சத்தில் நின்றுகொண்டு, "நான் இப்பத்தானேய்யா வரேன்" என்றார். கையெழுத்து நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அவர் பேருக்கு எதிரே அழகான கையெழுத்து. கையெழுத்துப் போடவே தெரியாதவருக்குக் கையெழுத்து! தடியோடு நின்றிருந்த நாலு பேர், "வூட்டுக்குப் போ ஆயா" என்றார்களாம். அப்போது அவருக்கு வயது 32. ஓட்டுப் போனதைவிட "ஆயா" என்று கூப்பிட்டதுதான் கோபம் என்று சிரித்தபடி சொல்வார். ஆனால் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருஷங்களில் ஒருநாள் தனியாக உட்கார்ந்திருந்தபோது, சிரிக்காமல் சொன்னார்: "அந்தப் பேரு என்னுதுடா. ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஒருத்தன் சத்தமா கூப்ட்டான். அதுக்குள்ள இன்னொருத்தன் எடுத்துக்கிட்டான்."

யார் அந்த ஆட்கள், எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் இந்த ஹாலில்கூட இருக்கலாம், என்னோடு ஒரே ஹாஸ்டலில் சாப்பிட்டும் இருக்கலாம்.

சந்திரநாகூரில் மட்டும் 1949 ஜூன் 19ஆம் தேதி ஜனங்களை நேரே கேட்டார்கள். 7,473 பேர் இந்தியா என்றார்கள், 114 பேர் பிரான்சு என்றார்கள். நம்மை எப்போது கேட்பார்கள் என்று இங்கே காத்திருந்தோம். 1951இல் அயல்நாட்டு நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து சுற்றிப் பார்த்து, இருக்கிற நிலைமையில் சுதந்திரமான வாக்கெடுப்பு நடத்த முடியாது என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போனார்கள். ஆயாவைக் கேட்டிருந்தால் 1948லேயே சொல்லியிருப்பார்.

கடைசியில் 1954. மார்ச்சில் கூபேரும் மேர்களும் இந்தியா பக்கம் திரும்பினார்கள். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கம் விடுதலையானது. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பேர் கூடினார்கள், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. கேவல் சிங் வந்தார்.

நான் இணைப்புக்கு எதிரானவன் அல்ல, தயவுசெய்து யாரும் அப்படி எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு எல்லோரையும் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்று நம்புகிறவன். ஆனால் கீழூரில் ஓட்டுப் போட்டவர்களில் பலரும் ஆயாவின் பேருக்கு எதிரே வேறு ஆள் கையெழுத்துப் போட்ட அந்த மாதிரித் தேர்தல்களில் வந்தவர்கள் என்பதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். தாத்தா கொடியேற்றப் போனார், வழியெல்லாம் கோஷம் போட்டு வந்தார். ஆயா, "நல்லதுதான். ஆனா என்னக் கேக்கலியே?" என்றார். தாத்தாவிடம் இதற்குப் பதில் இல்லை. எழுபது வருஷம் கழித்து, சரித்திரத்தைக் கொஞ்சம் படித்த என்னிடமும் இல்லை.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். பசிபிக் கடலில் நியூ கலெடோனியா என்று ஒரு தீவு, இன்னும் பிரான்சின் கையில். அந்தக் காலத்தில் ரெயூனியோன் தீவிலிருந்து கரும்பு முதலாளிகளோடு நம் ஆட்களும் கொஞ்சம் பேர் அங்கே போனார்கள், அவர்களை மலபார் என்றே சொல்வார்கள். அங்கே 2018, 2020, 2021 என்று மூன்று தடவை வாக்கெடுப்பு நடந்தது. முதல் இரண்டிலும் பிரான்சோடு இருப்போம் என்றவர்கள் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மூன்றாவதைப் பூர்வகுடிகளான கனாக்குகள் புறக்கணித்தார்கள், பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. 2024 மே மாதம் அங்கே பெரிய கலவரம், பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எதற்கு? லிஸ்துக்கு! வெளியிலிருந்து வந்து பத்து வருஷம் குடியிருந்தவர்களை மாகாணத் தேர்தல் லிஸ்தில் சேர்ப்பதா என்பதற்கு. சேர்த்தால் நாங்கள் எங்கள் மண்ணிலேயே சிறுபான்மை என்பது கனாக்குகளின் பயம். சேர்க்காவிட்டால் நாங்கள் குடிமக்களே இல்லையா என்பது மற்றவர்கள் வாதம். டி.வி.யில் நூமேயா எரிவதைப் பார்த்தபோது எனக்குச் சானெமுகமும் பொன்னுத்தம்பியும்தான் ஞாபகம் வந்தார்கள். அந்த வருஷமே அங்கிருந்து எமானுவேல் ஜிபாவு என்ற கனாக், பாரீஸ் தேசிய சபைக்குத் தேர்வானார், சுப்பையா போன மாதிரி.

நம் ஊரிலும் பிரெஞ்சு லிஸ்து முடியவில்லை. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி ஒப்பந்தம் முழுமையானபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தாத்தாவின் தம்பி சொல்தாவாக இருந்தவர், இந்தோசீனா வரை போனவர். அவர் எழுதிக் கொடுத்தார். தாத்தா கொடுக்கவில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு தேசம். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அவர் பேரன், என் வகுப்புத் தோழன், இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலில் அவன் ஓட்டுப் போடுவான், நம் சட்டசபைத் தேர்தலில் நான் போடுவேன். யார் ஓட்டுக்கு மரியாதை ஜாஸ்தி என்று ஒவ்வொரு தடவையும் சண்டை, கடைசியில் பீச்சில் சுண்டல் வாங்குவது யார் என்பதில் போய் முடியும்.

ஆயா 1989இல் காலமானார். அதுவரை ஒரு தேர்தலையும் விடவில்லை. 1948க்குப் பிறகு ஒரு பழக்கம்: காலையில் சாவடி திறப்பதற்கு முன்னாலேயே போய் முதல் ஆளாக நின்றுவிடுவார். "எனக்கு முன்னாடி எவன் வந்து என் பேர சொல்றான்னு பாக்கறேன்." கையெழுத்துப் போடவும் கற்றுக்கொண்டார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். 2014 நவம்பரில் அடைமழையில் நம் மேரி கட்டடம் சரிந்து விழுந்ததைப் பார்த்தோம். அதே மாதிரி மறுபடியும் கட்டிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் காகிதத்தை மறுபடியும் கட்ட முடியாது. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய ஓட்டுக் கார்டு, வேட்பாளர் நோட்டீஸ், ரெனோன்சியாசியோன் பத்திரம், 1962இல் எழுதிக் கொடுத்த நகல் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்க முதல்வர் சம்மதித்திருக்கிறார். போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். ஆயாவின் 1946ஆம் வருஷத்துக் கார்டை நானே முதலில் கொண்டுவந்திருக்கிறேன், சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில் மேசை மேல் வைத்திருக்கிறது. பேர் பிரெஞ்சு எழுத்தில் தப்பும் தவறுமாக இருக்கும், பார்த்துச் சிரிக்காதீர்கள். பின்பக்கத்தில் ஒரு மூலையில் வெள்ளையாகத் தெரிவது பூஞ்சை அல்ல, விபூதி.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.